கல்வெட்டில் முதலாவது குடி

நாவற்குடா

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

நானும் அம்மாவும் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையார் துணை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுத்ததும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், இது இப்போதைக்கு அவள் காதில் விழக்கூடாத கதை. கடிதம் கொண்டுவரும் மதுஷன் நல்ல பிள்ளைதான், என்றாலும் உறையை ஒட்டி அதன் மேலே கையொப்பம் வைத்திருக்கிறேன், அது பிசகியிருந்தால் எனக்குச் சொல்.

கும்பாபிஷேகத்துக்குக் கோயில் கல்வெட்டை, அந்தப் பழைய ஓலை ஏட்டில் உள்ளதை, புத்தகமாக அச்சடிக்கிறார்கள். கோயில் பொறுப்பில் இருக்கிற வண்ணக்கர் வினாயகமூர்த்தி காட்டிய அச்சுப் படியில் உங்கள் குடி, தாய்வழியில் அம்மாவுக்கும் உனக்கும் வந்த குடி, மூன்றாவதாகக் கிடந்தது. முப்பத்தொரு வருடம் திருவிழாக் கடைசி நாளில், காடு வெட்டிக் கோயில் கட்டியவர் யார், எந்தக் குடிக்கு என்ன உரிமை என்று அந்தக் கல்வெட்டை மனப்பாடமாகப் படித்தவன் நான். பெயர் படிக்கப் படிக்க அந்தந்தக் குடியார் வந்து வெற்றிலை வட்டாத் தட்டை வாங்குவார்கள், முதலில் வாங்குவது அம்மாவின் ஆட்கள். இப்போது முதலாவதாக இருப்பது வண்ணக்கரின் குடி, அதாவது என் குடி. வீட்டில் அப்பா மட்டும் மற்றக் குடி என்று சின்னதில் பகிடி பண்ணுவாயே, அந்தக் குடிதான். சும்மா விடுவேனா? அதைக் கொம்பியூட்டரில் அடித்த பெண் வண்ணக்கரின் மருமகள் என்று அறிந்ததும், வரிசையை மாற்றிவிட்டார்கள் என்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வாரம் பார்த்து என் அக்காவின் பிள்ளைகள், அவர்களும் என் குடிதானே, வாழைக்குலையோடு வந்தார்கள், என்னைக் குளிரவைக்கத்தான், வேறென்ன. அம்மா வீடு வீடாகப் போய் உங்கள் சனத்தைத் திரட்டிவிட்டாள். அந்தச் சூட்டில்தான் போன வருடம் நீ வந்து நின்றபோது நான் படித்ததைப் பிடித்த வீடியோவை ஆதாரமாக அனுப்பச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வண்ணக்கரிடம் போய் ஏட்டையே காட்டு என்று கேட்டேன். ஓலையை வெளிச்சத்தில் பிடித்து, சுரண்டின தடம் இருக்கா, புது மை இருக்கா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை மகள். பழைய எழுத்தில் உங்கள் குடி மூன்றாவதுதான்.

வினாயகமூர்த்தி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அண்ணன், எனக்கு அந்த நாளையிலயே தெரியும். அண்ணிட முகத்துக்காகத்தான் பேசாம இருந்த நான்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கலியாணம் முடிந்த முதல் திருவிழா. அம்மாவின் ஆட்கள் மூன்றாவதாக நிற்கிறவர்கள் என்று என் அக்காமார் அவளைக் குத்திக் குத்திப் பேசி, அவள் பெண்களுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றாள். அது நான் படித்த முதல் வருடம், வரிசை தெரிந்த பழைய ஆட்கள் இரண்டொருவர்தான் மிச்சம், அக்காமாரும் சபையில் தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, அவள் குடியைத் தூக்கி முதலில் படித்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வருடம் அதைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன், ஊரும் நம்பிவிட்டது, ஏட்டை அவிழ்த்துப் பார்க்கிறவர் ஆர்? ஊரெல்லாம் கள்ளனைத் தேடித் திரிந்தேன், கள்ளன் நான். வினாயகமூர்த்தி இத்தனை வருடம் என்னைக் காட்டிக்கொடுக்காததில் ஏதும் உள்நோக்கம் இருக்குமோ என்றும் இரண்டு நாள் யோசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

வீடியோவை ஒருவருக்கும் அனுப்பாதே, மாமன்மார் கேட்டாலும். மருமகனுக்கும் சொல்லாதே, அவர் தங்கமான மனிசன், ஆனால் தாயோடு தினமும் கதைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தில் எழும்பி உள்ளதைச் சொல்லப்போகிறேன். அதற்கு முதல் அம்மாவிடம் சொல்லவேண்டும். அந்த அச்சுப் படியைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை வாசல் ஏறி இறங்கினாள், நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையார் உங்கள் இருவரையும் காப்பார், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இந்தக் கடிதம் கிடைக்கிற நேரம் நான் அம்மாவிடம் சொல்லியிருப்பேன், நீ உடனே அவளுக்குப் போன் எடு. அப்படி முதலில் படித்தது அவளுக்காகத்தான் என்று நீ சொல்லு. இத்தனை வருடம் பொய் படித்தவன் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
கோணாமலை