நீ கேட்ட இரண்டு துண்டுகள்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் அவள் பிள்ளைகளும் உடம்பால் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நலமா என்று நேராகக் கேட்கிற தகுதியை நான் எப்போதோ இழந்துவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. ஆக வேண்டியது போன வருஷமே ஆகிவிட்டது, இனி பயப்பட என்ன இருக்கிறது.

அக்காவின் பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்கிறாள், நீ சின்ன வயதில் செய்த மாதிரியே. முன்னறை ஜன்னல் கதவு மறுபடி இறுக்கிக்கொண்டது. உன் அம்மாவின் கட்டிலை இன்னும் அங்கிருந்து எடுக்கவில்லை. எடுத்து மடக்கி வைக்கிறேன் என்று அக்கா இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் ஏதோ காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். சமையல் நானேதான். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் இருக்கவே இருக்காது, குறை சொல்ல ஆள் இல்லாததால் அப்படியே போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு நான் மட்டும் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, மழைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடலாம் என்று எஞ்சினை முழு வேகத்துக்கு விட்டேன். உனக்குத் தெரியும், நாலு வருஷம் முன்னால் எஞ்சின் புகைந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு படகைப் பாதி வேகத்துக்கு மேல் நான் விட்டதில்லை, உன் அம்மா விட மாட்டாள். கால்மணி நேரம் போயிருக்கும், ரப்பர் கருகுகிற நாற்றம், அதே நாற்றம். திரும்பிப் பார்த்தால் பின்பக்கம் புகையோடு சேர்ந்து துப்ப வேண்டிய தண்ணீரைக் காணோம், வெள்ளை ஆவிதான் வருகிறது. எஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தைப் போட்டு, மூடியைத் தூக்கி உள்ளே இறங்கினேன். புகை போகிற ரப்பர் குழாய் கையே வைக்க முடியாத சூடு. கடல் தண்ணீர் உள்ளே வருகிற வால்வைப் பார்த்தேன். பிடி குறுக்கே கிடந்தது. மூடியிருந்தது.

மகனே, படகில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை. கிளம்பும்போது நான்தான் திறந்தேன், பின்னால் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன். பிறகு யார் மூடியது? அந்தச் சூட்டில் உட்கார்ந்து யோசித்தேன், வேறு யாரும் இல்லை, நான்தான். எஞ்சின் நின்றால் கை தானாகப் போய் வால்வை மூடும், முப்பது வருஷமாகப் படகுத்துறைக்கு வந்து வந்து பழகிய கை. மூடியது எனக்கு நினைவே இல்லை. செருப்பை எந்தப் பக்கம் கழற்றி விட்டோம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா, அப்படித்தான்.

அப்போதுதான் அந்த நாள் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அன்றைக்கு ஓட்டியது நீ. குழாய் புகைந்ததும் ஓடி வந்து எஞ்சினை நிறுத்தியது நான், முதலில் உள்ளே இறங்கியதும் நான், நீ ஆட்களை முன்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாய். புகை அடங்கியதும் பார்த்தால் வால்வு மூடியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன் என்று நாலு வருஷம் ஊரெல்லாம் சொன்னேன். கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள், அன்றைக்கும் அதை மூடியது என் கைதான். வால்வைத் திறக்க மறந்து யாரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது என்று சாவியை அந்தப் பிடியிலேயே மாட்டி வைக்கிற பழக்கத்தைக் கொண்டுவந்ததே நீ. பிடியைத் தொடாமல் நீ சாவியை எடுத்திருக்க முடியாது. நீ எவ்வளவோ சொன்னாய். "திறந்தேன்பா. மூடியிருந்தா பம்புல இருக்கிற ரப்பர் சக்கரம் அஞ்சு நிமிஷத்துல பிஞ்சிருக்கும், கழட்டிப் பாருங்க, புதுசு மாதிரியே இருக்கும்" என்று சொன்னாய். கழற்றிப் பார்த்தேன், புதுசு மாதிரியேதான் இருந்தது. இருந்தும், நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால் உன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, இனி இந்தப் படகில் கால் வைக்காதே என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாய். திருப்பிச் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன், நாம் ஸ்பானர் என்று கூப்பிடுவோமே, அவன்தான். வடிகட்டியில் பாசி இல்லை. பம்பின் ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழும் முழுசாக இருந்தன. புகையும் தண்ணீரும் கலக்கிற வளைவில் கொஞ்சம் துரு, பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலரின் மூடியைக் கழற்றினான். உள்ளே தண்ணீர் போகிற சின்னக் குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டு இரண்டு கறுப்புத் துண்டுகள், கட்டைவிரல் நகம் அளவு. மெதுவாகப் போனால் சுற்றி வழிந்து சமாளித்துக்கொள்ளும், வேகம் எடுத்தால் போதாது. நான் போய் பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பத்து நாள் முன்னால் நான் மாற்றிய பழைய சக்கரம் அதில் கிடந்தது, எதையும் தூக்கிப் போடாத புத்தி எனக்கு. நாலு இதழ்தான் இருந்தது. உடைந்த இடத்தில் அந்தத் துண்டுகளை வைத்துப் பார்த்தேன். பொருந்தின.

அதை மாற்றிய அன்று நீ பக்கத்தில்தான் இருந்தாய். "மீதி ரெண்டு துண்டு எங்கப்பா?" என்று கேட்டாய். "கடலுக்குப் போயிருக்கும், விடுடா" என்றேன். கூலரைத் தாண்டாமல் எப்படியடா கடலுக்குப் போகும். அன்றைக்கே மூடியைக் கழற்றியிருந்தால் கால்மணி நேர வேலை. சின்ன விஷயம்தான் அண்ணே, நல்லவேளை என்று ஸ்பானர் சிரித்தான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டேன். நான் அழுததை அவன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றி நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி மாதம் முழுக்க முன்னறையில் படுத்துக்கொண்டு ஒன்றேதான் கேட்டாள். "ஒரு போன் போட்டு வாடான்னு சொல்லுங்க, தப்பு யாருதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். அவன் பொய் சொல்ற பிள்ளை இல்லீங்க" என்பாள். அவன் ஒத்துக்கொள்ளட்டும், சொல்கிறேன் என்றேன். கடைசியில் நான் ஆள் விட்டபோது நீ கப்பலில், கரைக்குப் பன்னிரண்டு நாள் தூரத்தில் இருந்தாய். அவள் சொன்ன அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் நீ வந்து அவள் கையைப் பிடித்திருப்பாய். இப்போது தினமும் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொன்னதுதான் சரி என்று சொல்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டபோது சொல்லாதவன் இப்போது சொல்லி என்ன.

எத்தனை பேர் முன்னால் உன்னைக் குறை சொன்னேனோ, அத்தனை பேர் முன்னாலும் நேற்று படகுத்துறையில் நின்று சொன்னேன், தப்பு என்னுடையது, பையன் வால்வைத் திறந்துதான் வைத்திருந்தான் என்று. டிக்கெட் கொடுக்கிற அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. "எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியுங்க, உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

வா என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அவள் சொல்லச் சொன்ன வார்த்தை அது, அவள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது. நீயாக வந்தாலும் சரி, வராவிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எஞ்சின் அறைச் சூட்டில் நிற்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. நேரத்துக்குச் சாப்பிடு, அக்காவிடம் மட்டுமாவது மாதம் ஒரு தடவை பேசு. உன் கீழே வேலை செய்கிறவன் ஏதாவது சொன்னால் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசு, என்னை மாதிரி பேசிவிட்டுக் கழற்றாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும், என்னுடையதும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு: கவரில் காகிதம் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், குப்பை என்று போட்டுவிடாதே. அந்த இரண்டு துண்டுகள்தான். எங்கே என்று கேட்டாயே.