நாலு ரிவர்ஸ் கியர் வண்டி

அன்பு மாப்ளே சேகரு, அந்த வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் படி.

நீ போய் ஒரு வருஷமும் மூணு வாரமும் ஆகிறது. திதி நல்லபடியாக நடந்தது. வடையில் மட்டும் உப்பு இல்லை. உன் அண்ணன் பிடித்துக்கொண்டு வந்த சமையல்காரன், வேறு எப்படி இருக்கும்? இந்தக் கடிதத்தை நம்ம நகர் சங்கம் மாசாமாசம் போடுகிற நாலு பக்கப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உனக்கு எழுதுவதை ஊரே ஏன் படிக்கவேண்டும் என்று கேட்பாய். போகப்போகத் தெரியும்.

படிக்கிறவர்களுக்கு முதலில் விளக்கிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. நாம் கட்டியது மணல்மேட்டில் ஓடுகிற வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது. இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, உள்ளே ரெண்டு சீட், பின்னால் எஞ்சின், நாலு தடி டயர். வெளிநாட்டில் டியூன் பக்கி என்பார்கள். தாம்பரம் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் அதைக் கட்டிய முதல் ஆட்கள் நாம்தான். தமிழ்நாட்டிலேயே நாம்தான் என்று நான் சொல்லி வருகிறேன். இதுவரை ஒருத்தரும் மறுக்கவில்லை.

நீ கொல்லையில் வெல்டிங் வைத்தபோது அந்த வெளிச்சத்தைப் பார்த்து மீனம்பாக்கத்தில் இறங்கவேண்டிய விமானம் ஒன்று ரெண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். எதிர் அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்வது? இருபது லட்சத்துக்குக் கார் வாங்கி, டயர் பஞ்சரானால் நடுரோட்டில் நின்று போனில் அழுகிற ஜாதி. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று கேட்டால் டேஷ்போர்டைத் திறந்து தேடுவார்கள். அவர்கள் நம்மைப் பார்த்து, "பெரியவங்க ரெண்டு பேரும் கொட்டாய் போடறாங்களா?" என்று கேட்டார்கள். கொட்டாயாம்!

உன்னிடமும் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை, மாப்ளே. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மறைமலை நகர் கம்பெனியில் பதினெட்டு வருஷம் காண்ட்ராக்ட் வெல்டர். ஒரு தடவைகூடச் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசாதவன். ஒரு குழாயை வெட்டுவதற்கு முன்னால் மூணு தடவை அளப்பாய். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன், ஆனால் முப்பது வருஷம் வேன் ஓட்டியவன். எனக்கு அளவு கண்ணிலேயே இருக்கிறது. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்கா என் தங்கையைக் கொடுத்தோம் என்று உன் முகத்துக்கு நேரே எத்தனை முறை சொல்லியிருப்பேன்? சிரித்துக்கொண்டே அடுத்த குழாயை அளப்பாய்.

எஞ்சின் ஏற்றின அன்றைக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டாய். காசிம் பாயின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சின்னக் காரின் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு அப்படியே தூக்கி வந்திருந்தோம். அந்தக் காரில் அது முன்னால் இருந்தது. நம் வண்டியில் பின்னால் போகவேண்டும்.

"மச்சான், முன்னாடி எந்தப் பக்கம் பாத்துகினு இருந்துச்சோ, பின்னாடியும் அதே பக்கம் பாத்துத்தான் இருக்கணும்" என்றாய்.

"டேய், முன்னாடி கீறத பின்னாடி கொண்டாந்தா திருப்பித்தானடா வெக்கணும்? சட்டைய முன்னபின்ன மாத்திப் போட்டா பட்டன் எங்க வரும்? முதுகுல வரும்ல?"

"சட்டைக்கும் எஞ்சினுக்கும் இன்னா மச்சான் சம்பந்தம்?"

டீ கொண்டுவந்த என் தங்கை விமலா இதைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் விடவில்லை. வேன் ஓட்டின அனுபவம் என்றேன், ஜெர்மனிக்காரன் ஒருத்தன் என் யோசனையைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனான் என்றேன். நீ ஸ்பேனரை எடுத்தாய். நான் சொன்னபடியே திருப்பி வைத்து போல்ட் போட்டோம்.

ரெண்டு மாசம் கழித்து, வண்டியை ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், பெருங்களத்தூர் ஸ்டாப்பிங்கில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். அதிலும் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை.

இப்போது திதி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாடு முடிந்தது. உன் அண்ணன், அந்த ரிட்டையர்டு பேங்க் ஆபீசர், பல்லைக் குத்திக்கொண்டே கொல்லைப் பக்கம் வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "விமலா, இந்த எலும்புக்கூட்ட ஏம்மா வெச்சிருக்க? காயலான் கடையில போட்டுடு" என்றார். வாழ்நாளில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றாத மனுஷன். நாற்காலி ஆடினால் அடியில் பேப்பரை மடித்து வைக்கிறவர். அவர் சொல்கிறார் எலும்புக்கூடு என்று.

"இப்பவே ஓட்டிக் காட்டறேன் பாருங்க" என்றேன். ஒரு வாரமாகவே பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றி, எஞ்சினைத் தயாராக வைத்திருந்தேன். கொல்லையில் அன்றைக்கு ஐந்நூறு பேர் இருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். என்ன சத்தம் மாப்ளே! ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது. போய்த் துவைக்கிற கல்லில் முட்டியது.

ரிவர்ஸ் போட்டேன். முன்னால் வந்தது. ரெண்டாவது கியர் போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னால் போய் அதே கல். ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். உன் சித்தி ஒருத்தி வெற்றிலையோடு புரையேறித் தண்ணீர் கேட்டாள்.

"என்ன ஜெயபால், வண்டி வந்த வழியே திரும்பிப் போகுது?" என்றார் உன் அண்ணன்.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "இது சேகர் போட்ட ப்ளான். நான் அப்பவே தலபாடா அடிச்சுகிட்டேன், அவன் கேக்கல."

"அதானே பாத்தேன்" என்றார் உன் அண்ணன். "ஸ்கூல்லயே அவன் அப்படித்தான். எதச் செஞ்சாலும் தலகீழா." மறுபடியும் சிரிப்பு. உன் திதிச் சோறு தின்ற வாயால் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விமலா மோர் டம்ளர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "அவங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை குட்டி யானை லோடு வண்டி எடுத்துட்டு வராராம். ஏத்திவிடச் சொல்லிட்டேன்."

"ஏம்மா? சரி பண்ணிடலாம்மா."

"வேணாண்ணா. வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் அதப் பாத்து அவரத்தான் சிரிப்பாங்க. அவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலை. அதுலயும் அவருக்குக் கெட்ட பேரா?" தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடினாள். "செத்தும் உன் வாய்க்குத் தப்பல இல்ல அவரு?"

நான் காசிம் பாயிடம் ஓடினேன். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாண்ணே இது? எஞ்சினத் திருப்பி வெச்சா சக்கரமும் திரும்பித்தான சுத்தும்? நாலு ரிவர்சு, ஒரு ஃபார்வர்டு. உலகத்துலயே இல்லாத பேஜார் வண்டி." அப்புறம் சிரிப்பு நின்றது. "சேகரா இப்புடி வெச்சான்? இருக்காதே. அவன் கைக்கு இது வராதே." நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

செயின் பிளாக் கட்டி எஞ்சினைத் தூக்கினோம். நேர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பதென்றால் அடியில் எஞ்சினைத் தாங்குகிற பிராக்கெட் எல்லாம் வெட்டிப் புதுசாக வெல்டிங் வைக்கவேண்டும், வாரம் பத்தாது என்று பாய் சொல்லியிருந்தார். எஞ்சின் மேலே போனதும் குனிந்து டார்ச் அடித்தவர், "அண்ணே, இங்க வா" என்றார்.

அடியில் இன்னும் மூணு பிராக்கெட் இருந்தது. எஞ்சின் நேர்ப்பக்கமாக உட்காருவதற்கு எங்கே வேண்டுமோ சரியாக அங்கே. வெல்டிங் வைத்து, தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஓட்டையில் கிரீஸ் தடவி, துணி சுற்றி வைத்திருந்தது. கியர் கேபிளும் அந்தப் பக்கம் எட்டுகிற நீளத்துக்கு மடித்துக் கட்டியிருந்தது. எஞ்சினைத் திருப்பி இறக்கினோம். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"இது உனக்குத் தெரியுமா?" என்றார் பாய்.

"தெரியாம? நான்தானே போடச் சொன்னேன்" என்றேன்.

திருட்டுப் பயலே. எப்போதடா செய்தாய்? நான் திண்டிவனம் கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாளில் நீ கொல்லையிலேயே கிடந்ததாக விமலா சொல்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னோடு சண்டை போடுவதைவிட மூணு பிராக்கெட் வெல்டு பண்ணுவது சுலபம் என்று நினைத்தாயா? நான் முட்டி மோதி நிற்கும் நாளில், "பரவால்ல மச்சான், மாத்திக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுக்கலாம் என்று இருந்தாயா? பதினெட்டு வருஷமும் அந்தச் சூப்பர்வைசரிடமும் இப்படித்தான் வேலை பார்த்தாயா?

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் குட்டி யானையோடு வந்தார். அவர் கண் முன்னால் கொல்லையிலிருந்து வாசல் கேட் வரைக்கும் ஓட்டினேன். ஃபர்ஸ்ட் கியர், முன்னால். தெருவே கை தட்டியது. பால்கனிக்காரர்கள் போனில் படம் பிடித்தார்கள். உன் அண்ணன் என் தோளைத் தட்டி, "பரவாயில்லையே ஜெயபால், அவன் பண்ண தப்ப நீங்க சரி பண்ணிட்டீங்க" என்றார்.

நான் "ஆமா" என்றேன்.

விமலா வாசற்படியில் நின்றிருந்தாள். டிரைவரிடம், "வண்டி எங்கயும் போகல, நீங்க கிளம்புங்க" என்றாள். அப்புறம் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்பவாவது உண்மையச் சொல்லுவியான்னு பாத்தேன்." கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் பாயின் சகலைக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது, முழங்கால் அளவு மணல், இந்த வாரமே வண்டியை இறக்கலாம் என்றேன். "நீ சொல்லாம அது மணலுக்குப் போகாது" என்றாள். சாவி அவள் முந்தானையில் இருக்கிறது.

உன் அண்ணன் வீட்டுத் தெருவரை ரெண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். என் வாயை எனக்குத் தெரியும். பாதி வழியில் வேறு கதை ஆரம்பித்துவிடும். அதனால்தான் எழுத்து. பத்திரிகையில் இடம் போதாது என்றால் சங்கச் செயலாளர் மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், பாதிக்கு மேல் நானே சேர்த்ததுதான். இதில் மட்டும் கை வைக்கக் கூடாது: எஞ்சினைத் திருப்பி வைத்தவன் நான். வேண்டாம் என்றவன் சேகர். அதைச் சரி செய்தவனும் சேகர், நான் முட்டுவதற்கு முன்னாலேயே.

மாப்ளே, பத்திரிகை வந்த அன்றைக்கே முதல் பிரதியை உன் அண்ணன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு ஓடிவர மாட்டேன். சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அவர் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன், நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். விமலாவும் கூட வருகிறாள். நான் பேசினால் கிள்ளுவதற்கு.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
ஜெயபால்