தொடாத முழங்கை

மைனி,

நேற்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் தைலக் குப்பியைத் திறந்து நெஞ்சில் தடவிக்கொண்டாள். அந்த மணம் வந்ததும் நான் அவள் பக்கம் திரும்பிவிட்டேன். யாரென்றே தெரியாத அவளுடைய மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். அவள் இறங்கி நடந்து போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

உங்கள் தோளில் கிடக்கும் நேரியல் முனையில் முடிந்திருந்த தைலத்துக்கும் இதே மணம்தான். தொண்ணூறுகளில் நம் கொல்லயில் ஊர் வாசகசாலையின் பின்னறையில், ஞாயிறு மதியங்களில், நாம் பெண்கள் கூடி நடவுப்பாட்டு பழகினோம். நான் சர்ச் முடிந்து நேரே வருவேன். நீங்கள் வாரமெல்லாம் அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையைக் குடித்துவிட்டு வருவீர்கள். முன்பாட்டு உங்களுக்குத்தான். நீங்கள் ஒரு வரி எடுக்க, நாங்கள் பதில் சொல்வோம்: "குனிஞ்ச முதுகு நிமிரட்டும்."

வயலில் முன்பாட்டுக்காரி முதுகு நிமிர்த்தவோ மூச்சு வாங்கவோ நின்றால், மற்றவர்கள் பதில்வரியையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், பாட்டு நிற்கக் கூடாது. அவளால் ஆகாது என்று தோன்றினால் பக்கத்தில் நிற்பவள் அவள் முழங்கையைத் தொடுவாள். தொட்டால் முன்பாட்டு கைமாறிவிடும். உங்கள் பக்கத்தில் நின்றவள் நான். என் தூக்கம் போக அது போதாதா?

ஓணத்துக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பாட ஒத்துக்கொண்டபோதே உங்கள் மூச்சில் விசில் கேட்டது.

"மைனி, இந்த வருசம் வேற யாராவது எடுக்கட்டும். எனக்குப் பேடியா இருக்கு," என்று பயந்துபோய்ச் சொன்னேன்.

"ஒனக்கு மழ பெய்தாலும் பேடி, பெய்யாட்டாலும் பேடியாக்கும்," என்று எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். பிறகு என்னிடம் மட்டும், "நீ தொட்டுராத மக்கா. எத்தற நேரம் ஆனாலும் நானே வாறேன்."

மேடையில் ஒரு வரியின் நடுவில் நின்றுபோனீர்கள். நாங்கள் பதில்வரியைப் பிடித்துக்கொண்டோம். கூட்டம் அதையும் பாட்டென்று நினைத்துக் கைதட்டத் தொடங்கியது. உங்கள் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன். வாய் பாடிக்கொண்டிருந்தது, மனசு 'தொடு, தொடு' என்று அடித்துக்கொண்டது. கையைத் தூக்கியும்விட்டேன். நீங்கள் திரும்பாமலே தலையை ஆட்டினீர்கள். இனி தாங்காது என்று நான் நினைத்தபோது அடுத்த வரி வந்தது. இறங்கியதும் உங்களைத் திட்டித் தீர்த்தேன். நீங்களோ சாவகாசமாகச் சுக்குக்காப்பி கேட்டீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். உங்கள் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போனது. நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, மகளை வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். எனக்கு வேறு என்ன தெரியும்? பதில்வரியைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்று வந்ததுபோல வந்துவிடுவீர்கள் என்றே நம்பினேன். உங்கள் மகள் வந்து விழுந்து அழுதபோதும் என் வாய் நிற்கவில்லை. கடைசியில் உங்கள் முழங்கையைத் தொட்டேன். இன்னும் சூடு இருந்தது.

இப்போது முன்பாட்டு என்னிடம். வாசகசாலைக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது, நமக்குப் பழையபடி பின்னறைதான். எனக்கும் வயதாகிவிட்டது மைனி, நீளமான வரிகளில் நின்றுபோகிறேன். பெண்கள் பதில்வரியைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவள் உங்கள் மகள். போன ஞாயிறு நான் நின்றபோது அவள் முகம் வெளுத்துப்போய், கை பாதி தூக்கியபடி, என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டுராத மக்கா," என்றேன். "வாறேன்."