நீ வெயிலில் கறுக்கவில்லை

இன்று காலை கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கொய்யாக்காயை மடியில் போட்டுவிட்டு, காகிதத்தில் இருந்த உப்பை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மீது இல்லை. உன்மீதும் என்மீதும்.

நீயும் அப்படித்தான் நக்கினாய். எண்பதுகளின் கடைசி அது. பெருங்களத்தூர்ப் பள்ளியில் நீ டீச்சர். குரோம்பேட்டையில் நான் அப்போதுதான் கிளினிக் போட்டிருந்தேன். பள்ளியில் ஒன்றாகப் படித்தவள் என்ற உரிமையில் நீ டோக்கன் வாங்கமாட்டாய். நேரே உள்ளே வந்து என் மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாய்.

"கறுத்துகிட்டே போறேன்டி. ஒரே அசதி வேற. என்னான்னு பாரேன்."

"ஜிஎஸ்டி ரோட்டுல தினம் ஒரு மணி நேரம் பஸ்சுக்கு நின்னா கறுக்காம? குடை எடுத்துட்டுப் போ," என்று சிரித்தேன். டானிக் எழுதினேன். மெடிக்கல் ரெப் கொடுத்துவிட்டுப் போன சிவப்பழகு கிரீம் ஒன்றையும் உன் கையில் திணித்தேன். அதை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

உன் மாமியார் ஒரு படி மேலே. "பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த கலரு எங்கம்மா போச்சு?" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்டார். அந்த வெட்கத்தில் உள்ளங்கை நிறைய மருதாணி வைத்துக்கொண்டாய். ரேகைகள் கறுத்திருந்ததை அது மூடிவிட்டது. ஏன்டி மூடினாய்? என்னிடமாவது காட்டியிருக்கக் கூடாதா? சரி, நீ மூடினாய். நான் ஏன் கேட்கவில்லை? குமட்டுகிறது, உப்பு உப்பாகத் தின்னத் தோன்றுகிறது என்றபோதும், "விசேஷமா?" என்று கண்ணடித்தவள்தானே நான்.

பிறகு சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. நீ வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாய். சேதி கேட்டு நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, வயதான டாக்டர் ஒருவர் டார்ச் அடித்து, உன் உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தார். கருநீலமாக இருந்தது.

"அட்ரினல் சுரப்பி வேலை செய்யல. அதான் கறுப்பு, அதான் உப்பு மேல ஆசை, அதான் சின்னக் காய்ச்சலக்கூட உடம்பு தாங்கல. இதுவரைக்கும் யார் பாத்தது?"

"நான்தான் சார். வெயில்னு நினைச்சேன்."

"வாய்க்குள்ள எப்படிம்மா வெயில் அடிக்கும்?"

ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம்வரை நீ தாங்கவில்லை. முன்பே கண்டுபிடித்திருந்தால் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு நீ கிழவியாகியிருப்பாய். அபூர்வமான நோய், யாருக்கும் தவறும் என்று ஆறுதல் சொன்னார்கள். மண்ணாங்கட்டி. நோய் அபூர்வம்தான். நீ என் எதிரே உட்கார்ந்திருந்தது அபூர்வமா?

இப்போது யார் வந்து "கறுத்துட்டேன்" என்றாலும் நான் சிரிப்பதில்லை. உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறேன், உதட்டைப் புரட்டுகிறேன். 'பல்லு பாக்குற டாக்டரம்மா' என்று எனக்கு இங்கே பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

சளி என்று வரும் குழந்தையிடம்கூட முதலில் "ஆ காட்டு" என்கிறவள் நான். நீ மூன்று முறை வந்தாய். உன்னிடம் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.