தாழ்வாக வைத்த பலகைகள்

என் பிரிய அண்ணாவுக்கு,

சம்பள வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேலை இது. மைசூரில் ஓர் அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கிறார்கள். காட்சிப் பொருள்களை விளக்கும் பலகை, வரைபடம், காதில் மாட்டிக் கேட்கும் விளக்கம் எல்லாமே என் வடிவமைப்புதான்.

பலகைகள் தாழ்வாக இருப்பதைப் பார்த்து மேலாளர் குருபசப்பா கத்தினார். "உக்காந்துக்கிட்டு யாரும்மா பாக்க வரப்போறாங்க? மேல ஏத்து, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன். "இதுல உக்காந்து அந்தப் பழைய பலகையப் படிங்க சார்."

அண்ணாந்து இரண்டு வரி படித்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "சரி தாயி, உன் இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வாசலில் படி கிடையாது, சாய்தளம்தான். உன்னை யாரும் தூக்க வேண்டாம். சக்கர நாற்காலியிலேயே நேராக உள்ளே வரலாம். இத்தனை நாள் நீ வீட்டைவிட்டு வெளியே வராததைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

பலகைகளில் எழுத்துப்பிழை இருந்தால் எல்லார் முன்னாலும் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வாயாடித் தங்கை