சொல்லாமல் விட்ட அறை

காயலுக்கும் கடலுக்கும் நடுவே இத்தனை வீடுகளையும் மூழ்காமல் தாங்கும் நாராயணா, இந்த ஏட்டிலாவது நான் பொய் எழுதாதிருக்க அருள்வாய்.

ஆடி 3, வெள்ளி
விடியலிலிருந்து மழை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் முழங்கால் நீர். சுக்கு மூட்டை சுமப்போரின் வசை மாடி வரை.
மாதவிலக்கு நின்று பதினான்கு ஆண்டுகள். இன்று குளிக்கையில் உதிரம். பூஜையறைக்குள் போகவில்லை.
மருமகள் சுஜா கவனித்துவிட்டாள். "ஆடி வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கேத்தாம உக்காந்திருக்கேளே, என்னாக்கும் விசேஷம்?"
சொன்னேன். முகம் மாறியது. "இந்த வயசிலே இது தீட்டில்லேம்மா. சீக்காக்கும்."

ஆடி 6, திங்கள்
ஆஸ்பத்திரி. மகன் கண்ணனும் டாக்டர் அறைக்குள் வந்து நின்றான். டாக்டர் இளம்பெண், மலையாளி. "அம்மே, முன்னாடி கர்ப்பப்பையில ஏதாவது குறை உண்டுன்னு யாராவது பறஞ்சிருக்காங்களா?"
கண்ணன் என் முகத்தையே பார்த்தான். "ஒண்ணுமில்லை" என்றேன்.
கருப்பைக்குள் குழாய் விட்டுத் தசைத் துணுக்கு எடுத்தார். சோதனைக்குப் போயிருக்கிறது. வலி பொறுக்கத்தக்கதே.
வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய், திரி, நேந்திரங்காய் வறுவல்.

ஆடி 13, திங்கள்
மழை ஓய்வு. டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்: புற்று இல்லை. "இனி சமாதானமா உறங்கணும் அம்மே."
உதிரமும் நின்றிருந்தது. தலைக்குக் குளித்து விளக்கேற்றினேன். பாசுரம் பாதியில் நின்றது. அறுபது ஆண்டாகச் சொல்லிவருவது. அடுத்த அடி வரவில்லை.

ஆடி 17, வெள்ளி
மீண்டும் உதிரம். முன்னிலும் அதிகம், கருமை.
எழுதிவிடுகிறேன். கண்ணனுக்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. அவனை அறுவை செய்து எடுத்த டாக்டரம்மா அன்றே சொன்னார்: என் கருப்பையின் நடுவே சுவர், பிறவியிலேயே இரண்டு அறை. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா காதுலே விழ வேண்டாம். குறையுள்ளவளைத் தலையிலே கட்டிட்டார்னு உன் அப்பாவை ஆயுசு முழுக்கப் பேசுவா."
மாமியார் போனார். அவரும் போனார். மறைக்கும் பழக்கம் மட்டும் என்னோடு.
அன்று துணுக்கு எடுத்தது எந்த அறையிலிருந்து?

ஆடி 18, சனி
சுஜாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் அரிந்த கத்தியைக் கீழே வைத்தாள்.
"நன்னாயிருக்கு. ரெண்டு ரூம் வீட்லே ஒண்ணை மட்டும் தொறந்து பாத்துட்டு, திருடன் இல்லேன்னு அவா போயிட்டா. நீங்கோ சாவியை மடியிலே வெச்சுண்டு சும்மா இருந்தேள்." பிறகு அழுதாள்.
கண்ணனிடம் சொல்லாதே என்றேன்.
"நான் சொல்ல மாட்டேன். நீங்கோதான் சொல்லணும்."

ஆடி 20, திங்கள்
நானும் சுஜாவும் மட்டும். தோப்பும்படிப் பாலத்தில் அரை மணி நேர நெரிசல்.
டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. அதுவே அச்சம். வேறொரு ஸ்கேன். சுவர் தெரிந்தது. முன்பு எடுத்தது வலது அறையிலிருந்து. இடது அறையின் உட்பூச்சு தடித்திருக்கிறது. இன்று அங்கிருந்து எடுத்தார். "இது அன்னைக்கே அறிஞ்சிருந்தா..." என்றவர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

ஆடி 27, திங்கள்
மீண்டும் பெருமழை. உதிரம் நிற்கவில்லை. சுஜா விளக்கேற்றினாள்; நான் பூஜையறை வாசற்படிக்கு வெளியிலிருந்து கும்பிட்டேன்.
பதினொரு மணிக்கு டாக்டரின் போன். இம்முறை முடிவைச் சொல்லவில்லை. நாளை நேரில் வர வேண்டுமாம். மகனையும் அழைத்து.
கண்ணன் ஆறு மணிக்கு வருவான். சுவரைப் பற்றியும், அவன் எதிரிலேயே நான் சொன்ன பொய்யைப் பற்றியும் இன்று நானே சொல்வேன்.
பின்னொரு நாள் இந்த ஏட்டைப் பிரிப்பவர் யாராயினும், நீங்களும் உங்கள் இல்லத்தாரும் நோயின்றி நெடிது வாழ்க. மருத்துவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்லும் துணிவு உங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய்க்க.