எழுப்பாத சாமி பாட்டு

17-6-2003, செவ்வாய்

பழைய அலாரம் ரிப்பேர். சிடி பாடுற அலாரம் ரேடியோ வாங்க நேத்து லீவுல கடையில ஒரு மணி நேரம் நின்னேன். சவுண்டு தெளிவா இருக்கா, கரண்ட் போனாலும் டைம் ஓடுமான்னு எல்லாம் பார்த்துதான் எடுத்தேன். மங்களகரமா இருக்கட்டும்னு சிவன் பாட்டு சிடி போட்டு மூன்றரைக்கு வச்சேன்.

இன்னிக்கு அது கரெக்டா பாடியிருக்கு. நான்தான் எழுந்திருக்கலை. நான் ஓட்ட வேண்டிய நாலே முக்கால் வேலூர் பஸ்ஸை வேற டிரைவர் எடுத்துட்டுப் போயிட்டார்.

"தினமும் விடியக்காலம் கோயில் ஸ்பீக்கர்ல இதே பாட்டுதான். லீவு நாள்ல அதைக் கேட்டுக்கிட்டேதானே தூங்குறீங்க?"ன்னு என் வீட்டுக்காரி சிரிக்கிறா.

இப்ப குத்துப்பாட்டு சிடி மாத்தி வச்சிருக்கேன். அண்ணாமலையார் மன்னிச்சிடுவார். டிப்போ மேனேஜர் மன்னிக்க மாட்டார்.